மூலிகை கிரைண்டர் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நாட்டு மருந்துச் சாமான் விற்கிற கடை எங்களுடையது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் எனும் குடியிருப்புகளிலிருந்தும் வந்து காய்ந்த துளசி, தூதுவளை, பூனைமீசை இலை வாங்குகிறவர்கள், கூடவே கையால் திருகும் உலோக கிரைண்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். இணையத்தில் வாங்கியது, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் எடுத்தது, மகன் கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்தது என்று பல ரகம் இப்போது வீடுகளில் இருக்கிறது. கல்லாவில் நின்றபடி சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன்.

இது எந்த கிரைண்டர்? மாவாட்டுவதா?

இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான உலோகச் சிமிழ். மூடியின் உட்புறத்திலும் கீழ்க் கிண்ணத்திலும் கூரிய பற்கள் இருக்கும். நடுவில் காய்ந்த இலையைப் போட்டு மூடி, இரு கையாலும் எதிரெதிராகத் திருகினால் இலை பிய்ந்து தூளாகும். இரண்டு துண்டாக வருவது சாதாரண ரகம். நான்கு துண்டாக வருவதில் பற்களுக்கு இடையே துளைகள், அதற்குக் கீழே தூளைத் தாங்கும் கிண்ணம், அதன் அடியில் மெல்லிய கம்பிச் சல்லடை, கடைசியில் நுண்பொடி சேரும் தட்டு என்று அடுக்கு அடுக்காக இருக்கும். துண்டுகளை மரை இணைக்கிறது. மூடியை மட்டும் காந்தம் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போகிற இடங்களும் இவைதான்: பல், சல்லடை, மரை, காந்தம்.

அண்ணே, இது கஞ்சாக்காரர்கள் வைத்திருப்பது இல்லையா? வீட்டில் வைத்திருக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. வெளிநாடுகளில் அதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. இங்கே கஞ்சா 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். ‘கெத்தும்’ எனும் போதை இலையும் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை, அது நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது கஷாயத்துக்கும் ரசத்துக்கும் தேநீருக்கும் போகிற இலைகளைப் பற்றி மட்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்வேன். யாரோ பயன்படுத்திய கிரைண்டரை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். பல்லிடுக்கில் எதன் தூள் ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. புதிதாக வாங்கி, சமையலறை அலமாரியில் துளசி டப்பா பக்கத்திலேயே வையுங்கள்.

என்னுடையது எந்த உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுத்தம் செய்யும் முறை இதைப் பொறுத்துத்தான் மாறும். அதனால் முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குப் பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் அலுமினியம். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 2.7 மடங்குதான். கருப்பு, நீலம், சிவப்பு என்று நிறம் ஏறியவை பெரும்பாலும் அனோடைஸ் செய்த அலுமினியம். அதாவது உலோகத்தின் மேல் இயற்கையாகவே இருக்கும் ஆக்சைடு படலத்தை மின்சாரத்தால் தடிமனாக்கி, அதற்குள் சாயம் ஏற்றியிருப்பார்கள்.

சிறியதாக இருந்தும் கையை இழுக்கிறது, மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்றால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். அலுமினியத்தைப் போல இரண்டரை மடங்கு எடை. அச்சில் ஊற்றி எடுத்து, மேலே குரோமியமோ நிக்கலோ பூசியிருப்பார்கள். பாசார் மாலாமில் மலிவாகக் கிடைப்பவற்றில் இந்த ரகம் நிறைய உண்டு.

எவர்சில்வரும் கனமாகத்தான் இருக்கும், ஆனால் பளபளப்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும். ஐஸ்பெட்டியில் ஒட்டிவைக்கும் காந்தத்தைக் கிரைண்டரின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் எஃகு என்று கொள்ளலாம். பிடிக்காவிட்டால் எஃகு இல்லை என்று முடிவுகட்ட முடியாது, நல்ல எவர்சில்வரில் சில ரகம் காந்தத்தைப் பிடிக்காது. மூடியின் நடுவில் வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே ஏற்கெனவே ஒரு காந்தம் இருக்கிறது.

புதிதாக வாங்கியதை அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. தொழிற்சாலையில் கடைசல் பிடித்தபோது விழுந்த உலோகச் சீவலும் எந்திர எண்ணெயும் மரையிலும் துளையோரங்களிலும் தங்கியிருக்கும். எல்லாத் துண்டுகளையும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். அப்புறம் வெள்ளைத் துணியின் முனையை முறுக்கி மரைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடியும் கழுவ வேண்டும்.

துணி வெள்ளையாக வந்த பிறகும், முதல் முறை அரைத்ததை நான் குடிக்கச் சொல்ல மாட்டேன். வீட்டில் காய்ந்து கிடக்கும் கறிவேப்பிலையை ஒரு கைப்பிடி அரைத்துச் செடிக்குப் போட்டுவிடுங்கள். பல்லோரத்தில் மிச்சமிருக்கும் பிசிறு அதோடு போய்விடும்.

ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டுமா?

வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் எதையும் கழுவிக் கவிழ்த்தால்தான் மனசு ஆறும். பழுதாகி என்னிடம் வருகிற கிரைண்டர்களில் அரைத்துக் கெட்டதைவிடக் கழுவிக் கெட்டதுதான் அதிகம். மரைக்குள்ளும் சல்லடை ஓரத்திலும் தங்கிய ஈரம் லேசில் போகாது. அந்த ஈரத்தில் அடுத்த தூள் விழுந்தால் பசையாகிறது, பசை காய்ந்தால் கல்லாகிறது. பிறகு அதை எடுக்கக் கத்தி, ஊசி, ஆசிட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அன்றாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அரைத்து முடித்ததும் மூடியைத் திறந்து, கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். தரையிலோ கருங்கல் மேடையிலோ தட்டக்கூடாது, வட்டம் நெளிந்தால் மரை சேராது. பல்லிடுக்கில் நிற்பதைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். மரை இரண்டு பக்கமும் உலர்ந்த துணியால் ஒரு துடை. ஒரு நிமிட வேலை, ஆனால் தூள் காய்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும்.

கழுவுவது எப்போது என்றால், வாடை மாறும்போது, திருகுவது கனக்கும்போது, அல்லது ஒரு மூலிகையிலிருந்து முற்றிலும் வேறொன்றுக்கு மாறும்போது.

என்ன பிரஷ்?

பெயின்ட் அடிக்கும் அரை அங்குலப் பிரஷ், புதியது. நைலான் முடியாக இருந்தால் நல்லது. பல் பிரஷ்ஷும் போதும். கம்பிப் பிரஷ்ஷும் இரும்பு நாரும் வேண்டவே வேண்டாம். இரும்பு நாரின் துணுக்குகள் அலுமினியத்திலும் எவர்சில்வரிலும் பதிந்து, பிறகு அங்கேயே துருப்புள்ளியாகத் தெரியும்.

பல்லெல்லாம் பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறது. பிரஷ்ஷுக்கு அசையவில்லை. என்ன செய்வது?

துளசி, கறிவேப்பிலை, புதினா போன்ற இலைகளில் வாசனை எண்ணெய் இருக்கிறது. அரைக்கும்போது அது வெளியே வந்து இலையின் மெழுகோடும் நுண்தூளோடும் கலக்கிறது. காற்றுப் படப்பட இறுகுகிறது. ரப்பர் பால் மரத்துக் கோப்பையில் படிந்த கட்டிப்பால் மாதிரிதான்: ஈரமாக இருக்கும்போது நோண்டினால் கையெல்லாம் இழுபடும், இறுகியபின் ஓரத்தைப் பிடித்தால் அப்படியே உரிந்து வரும். ஆகவே தண்ணீரை ஊற்றி இளக்குவதற்கு முன்னால் குளிரவைத்து இறுக்கிப் பார்க்க வேண்டும்.

துண்டுகளை முடிந்தவரை துடைத்து, காற்று நுழையாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு துண்டை மட்டும் வெளியே எடுத்து உடனே பிரஷ்ஷாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ தள்ளுங்கள். பிசின் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். மற்றத் துண்டுகள் உள்ளேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துப் பரப்பினால், நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. வேலை முடிந்ததும் துணியால் துடைத்துக் காற்றாடி முன்னால் வையுங்கள்.

இதிலும் போகாத மிச்சத்துக்கு ஸ்பிரிட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று ஃபார்மசியில் கேட்டால் கிடைக்கும். கண்ணாடிப் போத்தலில் பற்கள் உள்ள துண்டைப் போட்டு, மூழ்கும் அளவு ஊற்றி, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். நடுநடுவே குலுக்குங்கள். தண்ணீருக்கு அசையாத பிசினும் பச்சையமும் ஆல்கஹாலில் கரையும், திரவம் பச்சையாக மாறுவதே அதற்குச் சாட்சி. எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உலர்த்துங்கள்.

காந்தம் உள்ள மூடியை ஊறவைக்காதீர்கள். காந்தத்தைப் பசை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், அது இளகலாம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். மூடியில் உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் கண்ணாடி பதித்திருந்தால் அதில் ஸ்பிரிட் படவே கூடாது. அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

எந்த ஸ்பிரிட்டாக இருந்தாலும் சரியா?

இல்லை. ஐசோபுரோப்பைல் 70 விழுக்காடும் உண்டு, 90-க்கு மேலும் உண்டு. 70-இல் மீதி தண்ணீர்தான், வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். அதிக அடர்த்தி கிடைத்தால் அதை வாங்குங்கள். கை கழுவும் சானிடைசர் ஜெல்லை ஊற்றாதீர்கள், அதில் குழகுழப்புக்காகச் சேர்த்தவை பல்லில் தங்கிவிடும். ஹார்டுவேர் கடையில் விற்கிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும், வாயில் போகும் பொருளை அரைக்கிற சாமானுக்கு அது ஆகாது. தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் அதே கதை.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஐசோபுரோப்பைலின் ஆவி ஏறக்குறைய 12 பாகை செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது. நம் சமையலறை 30 பாகை. கேஸ் அடுப்பு எரிகிற அறையிலோ சாமி விளக்கு எரிகிற இடத்திலோ இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பின்வாசலில் செய்யுங்கள்.

சல்லடை அடைத்துவிட்டது. ஊசியால் குத்தலாமா?

குத்தினால் கம்பி விலகி ஓட்டை பெரிதாகும். சல்லடையை மாற்ற முடியாத கிரைண்டராக இருந்தால் அந்தத் துண்டே வீண். அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பிரஷ்ஷால் தட்டுங்கள். எந்தப் பக்கமிருந்து தூள் நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே அது வெளியேற வேண்டும். மேலிருந்து அழுத்தித் தேய்த்தால் இன்னும் இறுகும். மீதிக்கு முன்சொன்ன ஃப்ரீசரும் ஸ்பிரிட்டும். கழுவியபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடைத்த கண் கருப்பாகத் தெரியும்.

முருங்கையிலை மாதிரி மாவாகப் போகிற இலைகளை இந்தச் சல்லடை வழியாக விடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைத் தனியாகத் துணியில் சலித்துக்கொள்ளலாம்.

எலுமிச்சம்பழம், புளி, சோடா மாவு போட்டுத் தேய்க்கலாமா? பித்தளைக் குடம் அப்படித்தானே பளபளக்கிறது?

பித்தளைக்கும் செம்புக்கும் புளி சரி. அந்த உலோகங்களின் மேல் படியும் கருமையைப் புளியில் இருக்கும் அமிலம் கரைக்கிறது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அலுமினியத்தில் இறங்குவதுதான் தொல்லை. அலுமினியத்தைக் காப்பாற்றுவதே அதன் மேல் இருக்கும் ஆக்சைடு படலம். அமிலத்தில் நீண்ட நேரம் ஊறினால் அந்தப் படலம் அரிக்கப்படும், காரத்தில் இன்னும் வேகமாக அரிக்கப்படும். சலவைச் சோடாவில் போட்டால் சாம்பல் நிறமாகி, பிறகு கருக்கும். நிறம் ஏறிய கிரைண்டராக இருந்தால் சாயமும் திட்டுத் திட்டாகப் போகும். துத்தநாகக் கலவைக்கு அமிலம், காரம் இரண்டுமே எதிரி, பூச்சு விரிசல் விட்ட இடத்தில் உள்ளே புகுந்து கொப்புளமாகத் தூக்கும்.

சமையலுக்குப் போடும் சோடா மாவு மென்மையானது. ஒரு சிட்டிகையைத் துணியில் வைத்து லேசாகத் துடைத்து உடனே கழுவினால் கெடுதல் இல்லை, ஊறப்போடுவதுதான் தப்பு. காணொளிகளில் சோடா மாவின் மேல் எலுமிச்சை பிழிந்து நுரை பொங்க வைக்கிறார்களே, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது உப்புக் கரைசலும் வாயுவும்தான். அதற்கு லிமாவ் கஸ்தூரி எலுமிச்சையைச் சாம்பால் துவையலுக்குப் பிழியலாம்.

எவர்சில்வர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான்களை மட்டும் அதுவும் பொறுக்காது, புள்ளி புள்ளியாகக் குழி விழும். வெளுப்பானோடு எலுமிச்சையையோ வினிகரையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

வீட்டில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கரைத்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமா?

கேட்டவர் பழைய பால்மரத் தொழிலாளி. அது ஃபார்மிக் ஆசிட். நீர்க்காதது தோலில் பட்டால் கொப்புளம், ஆவி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். சாப்பாட்டுச் சாமான் பக்கமே கொண்டுவராதீர்கள். மிச்சத்தைப் பேரப்பிள்ளைகள் எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள்.

மிக்ஸியில் அரிசி போட்டுச் சுற்றினால் சுத்தமாகிறதே, இதிலும் போடலாமா?

மிக்ஸி பிளேடு எஃகு, அது மோட்டார் வேகத்தில் அடிக்கிறது. இங்கே பல் அலுமினியமாகவோ துத்தநாகமாகவோ இருக்கலாம், அதைத் திருகுவது உங்கள் மணிக்கட்டு. பச்சரிசி இரண்டு பல்லுக்கு நடுவில் சிக்கினால் ஒன்று திருகாது, அல்லது பல்லின் முனை சிதறும். கல் உப்பும் வேண்டாம், அலுமினியத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் குழி விழும். நன்றாகக் காய்ந்த ரொட்டித் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றித் தட்டினால் தளர்ந்த தூளை அது வழித்து எடுத்துவிடும்.

இதில் எதை அரைக்கலாம், எதை அரைக்கக் கூடாது?

இலை, பூ, மெல்லிய தண்டு. அவ்வளவுதான். துளசி, தூதுவளை, பூனைமீசை, புதினா, கறிவேப்பிலை, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் நன்றாக வரும். சுக்கு, மிளகு, திப்பிலி, பட்டை, அதிமதுரம் இவற்றுக்கு இரும்பு உரலும் உலக்கையும் இருக்கின்றன. கிரைண்டரின் பல்லை ஒடிக்கிறதில் சுக்குக்கு நிகர் எதுவும் இல்லை.

செரையை, அதாவது எலுமிச்சைப் புல்லைப் போடுகிறவர்கள் அதை நீளமாகப் போடாதீர்கள். நார் பற்களைச் சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும். பச்சையாக இருக்கும்போதே கால் அங்குலத்துக்கு நறுக்கி, காயவைத்து, பிறகு போடுங்கள்.

கற்பூரவல்லி இலையில் நீர்ச்சத்து அதிகம், வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். எந்த இலையானாலும் சோதனை ஒன்றுதான்: கையில் நசுக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும், காம்பை வளைத்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னும் காயவில்லை. பாதிக் காய்ந்த இலை கிரைண்டரைப் பிசினாக்குவதோடு டப்பாவில் பூஞ்சையும் பிடிக்கும்.

நிலவேம்பு அரைத்தபின் தேநீர் இலை அரைத்தால் கசக்கிறது.

கசக்கத்தான் செய்யும். அதன் கசப்பு மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரியும், பிரஷ் போட்டாலும் பல்லோரத்தில் மிச்சம் நிற்கும். நிலவேம்புக்கு மலிவாக வேறொரு இரண்டு துண்டு கிரைண்டரை ஒதுக்கிவிடுங்கள். இது வெறும் ருசிப் பிரச்சினையும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு கொடுப்பதில்லை. ஒரே கிரைண்டரில் எல்லாருக்கும் அரைக்கிற வீட்டில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மஞ்சள் கறை போகவில்லை.

மஞ்சள் தூள் இதில் போட்டது ஏன் என்று கேட்க மாட்டேன். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டிலும் எண்ணெயிலும் கரையும். முதலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், பிறகு சோப்பு. மூடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தில் ஏறியதை ஒன்றிரண்டு நாள் காலை வெயிலில் வைத்தால் தானாகவே வெளிறும், அந்த நிறம் சூரிய ஒளி தாங்காது.

மூடியோ மரையால் இணைந்த துண்டோ இறுகிப் போய்த் திறக்கவே மாட்டேன் என்கிறது.

பைப் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். வட்டம் ஒரு நூல் நெளிந்தாலும் மறுபடி பொருந்தாது. இரண்டு கையிலும் ரப்பர் கையுறை போட்டுத் திருகிப் பாருங்கள். உலகத்துக்கே கையுறை செய்து அனுப்புகிற நாட்டில் இருக்கிறோம், வீட்டில் ஒரு ஜோடி இல்லாமல் போகாது. வழுக்கல் நின்றாலே பாதிக்கு மேல் திறந்துவிடும்.

அப்படியும் வரவில்லை என்றால் இறுகியது மரையா, உள்ளே சிக்கிய காம்பா என்று பாருங்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் அசைகிறது, பிறகு தடுக்கிறது என்றால் காம்பு. கவிழ்த்து அடியில் தட்டிக்கொண்டே சிறிது சிறிதாக எதிர்ப்பக்கம் திருகுங்கள். அசையவே இல்லை என்றால் மரையிலோ மூடியின் ஓரத்திலோ பிசின். ஃப்ரீசரில் அரை மணி வைத்து, எடுத்ததும் திருகுங்கள். பிசின் உடைகிற சத்தம் கேட்கும். கடைசி முயற்சியாக, இணையும் இடத்தில் ஸ்பிரிட் நாலைந்து சொட்டு விட்டு, அது உள்ளே இறங்கக் கால் மணி நேரம் கொடுங்கள்.

திறந்தபின் அந்த மரையை முழுவதும் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். மூடும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். டக் என்று மரை உட்காரும். அங்கிருந்து சரியான பக்கம் திருகினால் மரை கோணலாக ஏறாது.

மரைக்கு எண்ணெய் போடலாமா? தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் கிரீஸ் இருக்கிறது.

கிரீஸும் துரு நீக்கும் ஸ்பிரேயும் வாயில் போகும் பொருளுக்கு ஆகாது. சமையல் எண்ணெய் பெரும்பாலும் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பசையாகும், நல்லெண்ணெயும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தேவலாம். உணவுத்தர மினரல் ஆயில் கிடைத்தால் அதுதான் சிறந்தது. பஞ்சில் ஒரு துளி, மரையில் ஒரு சுற்று, பிறகு காய்ந்த துணியால் துடைத்தே விட வேண்டும். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். என்னைக் கேட்டால், சுத்தமான மரைக்கு எண்ணெயே தேவைப்படாது.

வெந்நீரில் கொதிக்க வைக்கலாமா? கிருமி போகுமே.

காந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம் காந்தம், சாதாரண ரகம் ஏறத்தாழ 80 பாகைக்கு மேல் வலுவிழக்கும். கொதிநீர் 100 பாகை. ஒரு முறை கொதிக்கவைத்த மூடி அதன்பிறகு தொளதொளவென்று கழன்று விழலாம். பிளாஸ்டிக் வளையமும் சுருங்கலாம். காய்ந்த இலைக்கும் உலர்ந்த உலோகத்துக்கும் சோப்பு நீரும் ஸ்பிரிட்டும் போதும்.

காந்தத்தின் ஓரத்தில் பழுப்புத் தூள் தெரிந்தால் மேல்பூச்சு உடைந்து உள்ளே துருப்பிடிக்கிறது என்று பொருள். அந்த மூடியைப் பயன்படுத்த வேண்டாம்.

பாத்திரம் கழுவும் மெஷினில்?

வேண்டாம். அதன் சோப்புக் காரமானது, அலுமினியம் கருத்து வெளியே வரும்.

மழைக்காலத்தில் எங்கே வைப்பது?

பேராக்கில் ஆண்டு முழுவதும் ஈரக்காற்றுதான், அக்டோபர், நவம்பரில் பின்நேர மழையும் சேர்ந்துகொள்ளும். கிரைண்டரைத் தண்ணீர்த்தொட்டிக்கு மேல் உள்ள அலமாரியிலோ அடுப்பின் ஆவி படும் இடத்திலோ வைக்காதீர்கள். கழுவிய அன்று துண்டுகளைப் பொருத்தாமல் தனித்தனியாகக் காற்றாடிக்குக் கீழே ஒரு இரவு விடுங்கள். துணிக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் மரைக்குள் நீர் இருக்கும். அப்புறம் மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைக்கலாம். மூலிகைத் தூளைக் கிரைண்டருக்குள்ளேயே சேமிக்காதீர்கள். அது டப்பா இல்லை, காற்றுப் புகும்.

கிணற்று நீரோ ஆற்று நீரோ பயன்படுத்தும் வீடுகளில் சில இடங்களில் இரும்புச் சத்து அதிகம். வெள்ளைத் துணியில் செம்மண் நிறம் ஏறும் தண்ணீராக இருந்தால், கடைசி அலசலைக் கொதித்து ஆறி வடிகட்டிய நீரில் செய்யுங்கள்.

தூளோடு கருப்பாகவோ வெள்ளியாகவோ மினுமினுப்பு வருகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளைத் தாளில் தூளைப் பரப்பி, கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். இலைத்தூள் மினுக்காது, உலோகம் மினுக்கும். எங்கிருந்து வருகிறது என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும். மரையில் மட்டும் என்றால், கோணலாக ஏற்றியதால் உராய்ந்திருக்கலாம். கழுவித் துடைத்து, நேராக ஏற்றி, மறுபடி பாருங்கள். பற்களின் பக்கவாட்டில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் உரசுகின்றன. மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து போனால் இப்படி ஆகும். வளையம் மாற்றக் கிடைத்தால் மாற்றலாம்.

துத்தநாகக் கலவையில் குரோமியப் பூச்சு செதில் செதிலாக உரிகிறது என்றால் சரிசெய்ய வழியில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கஷாயத்தில் அந்தச் செதில் விழுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். தூக்கிப்போட வேண்டியதுதான்.

பல் மழுங்கிவிட்டது. பால் வெட்டும் கத்தியைத் தீட்டுகிற கல்லில் தீட்டலாமா?

முடியாது. பால் கத்திக்கு ஒரே விளிம்பு, எடுத்துக் கல்லில் வைக்கலாம். இங்கே வட்ட வட்டமாக நிற்கும் பற்களுக்கு நடுவில் கல் நுழையாது. அரத்தால் ராவினால் பல்லுக்குப் பல் அளவு மாறி, ஒன்றோடொன்று மோதும். அனோடைஸ் படலமும் போய்விடும். பெரும்பாலும் மழுங்கியது என்று கொண்டுவருகிறவற்றில் பல் மழுங்கியிருப்பதில்லை, ஓரத்தில் பிசின் பூசிக்கிடக்கும். ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இலை நசுங்குகிறதே தவிர வெட்டுப்படவில்லை என்றால் புதியது வாங்குங்கள். வாங்கும்போது அச்சில் ஊற்றியதைவிட்டு, கட்டி உலோகத்தில் கடைந்தெடுத்ததைப் பாருங்கள், விளிம்பு அதிக நாள் நிற்கும். பழையதைப் பழைய சாமான் லாரியில் போடலாம். அலுமினியத்துக்குத் தனி விலை உண்டு, காந்தத்தையும் சல்லடையையும் பிரித்துக் கொடுத்தால் தகராறு இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள்.